வாசகர் கேள்வி: இரவல் கேட்கலாமா?

கேள்வி: ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி எங்கள் பேட்டைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து சமூக மன்றத்தில் நாடகம் போடுகிறோம். கதை 1960களில் ஒரு கம்பத்து (பழைய கிராமத்து) வீட்டில் நடக்கிறது. பழைய சாமான்களை அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கலாம் என்கிறேன். என் கணவர் கூச்சப்படுகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை இருந்தவரை ஒரு நடை சுற்றினால் பழைய ரேடியோ, எனாமல் பூசிய மங்குக் கோப்பை எல்லாம் கிடைக்கும். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் காலத்துச் சாமான் நம் அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறது. கம்பத்திலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறியபோது தூக்கி வந்ததை எறிய மனமில்லாமல் ஸ்டோர் ரூமில் வைத்திருப்பவர்கள் பலர்.

போன வாரயிறுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறு குழுவின் நாடகத்துக்கு மேடைச் சாமான் என் பொறுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேடையேற்றம். சனிக்கிழமை மதியம் எங்கள் புளோக்கின் கீழே லாரியில் ஏற்றும்போது சாய்வு நாற்காலியின் கை முறிந்தது. மழையில் பாய்கள் ஊறிவிட்டன. அம்மாவாக நடிக்கும் பெண் சாப்பாட்டு அடுக்கை டாக்சியில் விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தாள். அந்த அடுக்கைத் திறக்கும் இடத்தில்தான் மகனுக்கு வேலை போன விஷயம் வெளியே வரும். அது இல்லாமல் காட்சியே இல்லை.

புளோக் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கால் மணி நேரத்தில் ஏழாம் மாடி மக்சிக் (மலாய்க்கார ஆன்ட்டி) தன்னுடைய மூன்றடுக்கு மங்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார். பச்சை நிறம், மூடியில் சிவப்புப் பூ, விளிம்பில் இரண்டு இடத்தில் மங்கு பெயர்ந்து கறுப்புத் தெரிந்தது. அடியில் அவருடைய அம்மாவின் பெயர், நகச்சாயத்தில். கல்யாண வீடுகளில் மாறிப்போகாமல் இருக்க எழுதியதாம். தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற சீன அங்கிள் ஒருவர் நாற்காலிக் கையை ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, "இன்றைக்குச் சாயாதீர்கள்" என்றார். அப்பாவாக நடித்தவர் அன்றைக்கு முழுக்க முன்னால் குனிந்தே உட்கார்ந்தார். அந்த மனிதரின் பாரம் அதில் தெரிந்தது என்று இயக்குநர் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே வைத்துக்கொண்டார். பாய்களை மூன்று வீட்டு மின்விசிறிகள் காயவைத்தன.

சரி, கேட்பதற்கும் முறை உண்டு. வாங்கியதையெல்லாம் படம் எடுத்து, வீட்டு எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். நகை, வெள்ளி விளக்கு மட்டும் கேட்காதீர்கள். தொலைந்தால் ஈடு கட்ட முடியாது. கொடுத்தவரை நாடகத்துக்குக் கட்டாயம் அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மக்சிக் பேரப்பிள்ளைகளோடு வந்தார். தமிழ் தெரியாது. மேடையில் அந்த மூடி திறந்தபோது பக்கத்திலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை விடவில்லை. அப்புறம், பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதீர்கள். நான் கேசரி வைத்துக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டுக்காரரை முதல் வீட்டுக்கு மட்டும் கூடவே கூட்டிப் போங்கள். இரண்டாவது வீட்டில் அவரே பேசுவார். அம்மி கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டில் குழவியோடு ஒன்று இருக்கிறது. தூக்க இரண்டு பேர் வந்தால் போதும்.