வயர்மேன் மகனுக்கு எந்த வகைக் கம்பெனி?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகன் எலெக்ட்ரீஷியனுக்கான தொழில் தேர்வில், அதாவது டிரேட் டெஸ்டில், தேறிவிட்டார். மாமன் மகனோடு சேர்ந்து சொந்தமாக எலெக்ட்ரிகல் காண்டிராக்ட் எடுக்கப் போகிறேன் என்கிறார். அடுத்த ஆண்டு கல்யாணம். தாத்தா நடத்திய பழைய சிசி (குளோஸ் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனம்) ஒன்று சும்மா கிடக்கிறதே, அதையே எடுத்து நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில் நொடித்தால் வீடு போய்விடுமோ என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. நியாயமான கவலைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. தம்பியிடம், அதாவது உங்கள் மகனிடம், வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறதா? டிரேட் டெஸ்ட் தேறியதால் அவர் எலெக்ட்ரீஷியன் ஆகிவிட்டார். ஆனால் ஒரு வீட்டு வயரிங்கைச் சோதித்து, அது விதிப்படி பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழில் கையெழுத்துப் போட அது மட்டும் போதாது. இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் தேர்வும் எழுதி, தொழிலாளர் துறையில் தன் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவைத்தான் வயர்மேன் லைசென்ஸ் என்கிறோம். சிங்கிள் ஃபேஸ் மட்டும் பார்க்கும் டெஸ்டர், த்ரீ ஃபேஸும் பார்க்கும் இன்ஸ்டலேஷன் எலெக்ட்ரீஷியன், தீப்பற்றக்கூடிய அபாயமான இடங்களையும் பார்க்கும் மாஸ்டர் என்று அதில் மூன்று வகை. இது ஆளுக்குக் கிடைக்கும் பதிவு. தொழில் நடத்த, எலெக்ட்ரிகல் காண்டிராக்டர் என்று தனியாக இன்னொரு பதிவு வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகள்படி, அந்தக் காண்டிராக்டர் தானே லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவரை முழுநேர வேலைக்கு வைத்திருக்க வேண்டும். காசு கொடுத்து வேறொருவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து தம்பியை அந்தப் பக்கம் போக விடாதீர்கள்.

சரி, தாத்தாவின் சிசிக்கு வருகிறேன். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. சிறு கடைக்காரர்களுக்கும் நம் கைத்தொழில்காரர்களுக்கும் நன்றாகவே உதவியது. 2011 மே 1 முதல் புதிதாக சிசி பதிவதில்லை; பழையவை மட்டும் தொடரலாம். ஆனால் பல ஆண்டுகள் ஆண்டு அறிக்கை தராமல் கிடந்த சிசியை, கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான சிஐபிசி பதிவிலிருந்தே எடுத்திருக்கக்கூடும். வரித் துறையான சார்ஸில் பழைய வரிப் பாக்கியும் அபராதமும் இருக்கலாம். இன்னொன்று, தாத்தாவின் பங்கு அவருடைய எஸ்டேட்டில், அதாவது வாரிசுகளுக்குப் போகும் சொத்தில், சேர்ந்தது. தம்பி உழைத்து அதை நிமிர்த்திய பிறகு, எங்களுக்கும் பங்கு உண்டே என்று அத்தைமார் கேட்டால் என்ன செய்வீர்கள்? தாத்தாவின் பெயர் மேல் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. புதுக் கம்பெனிக்கு அவர் பெயரை வையுங்கள், பழைய கணக்கைத் தொட வேண்டாம்.

அப்படியானால் தனி ஆளாக, தன் பெயரிலேயே தொழில் செய்யலாமா? செய்யலாம், கம்பெனிப் பதிவே தேவையில்லை. சனி ஞாயிறுகளில் அக்கம்பக்கத்தில் பிளக் பாயின்ட் மாற்றுவது, வீட்டின் ஃபியூஸ், சுவிட்சுகள் உள்ள டிபி போர்டு பார்ப்பது என்ற அளவில் ஓராண்டு போகட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் கடன் ஏற்பட்டால் அது முழுக்க அவர் தலையில். கல்யாணத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முன்கூட்டியே நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதாமல் இந்த நாட்டுச் சட்டப்படி திருமணம் பதிந்தால், கணவன் மனைவி சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். வரப்போகும் மருமகளின் சம்பளத்தில் சேர்த்ததையும் தம்பியின் கடன்காரர் கேட்கலாம். எந்த வகைக் கம்பெனி வைத்தாலும் சரி, அந்த ஒப்பந்தம் தாலி கட்டுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

தனி ஆளாக நடத்துவதில் வீட்டார் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வேலையில் அடிபட்டால் கிடைக்கும் இழப்பீட்டு நிதி தொழிலாளிக்குத்தான்; தனி முதலாளிக்கும் கூட்டாளிக்கும் கிடையாது. தம்பி ஏணியிலிருந்து விழுந்தால், அவர் வைத்திருக்கும் உதவியாளுக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கு இருக்காது. கம்பெனி என்றால், வேலை ஒப்பந்தத்தின் பேரில் சம்பளம் வாங்கும் டைரக்டர் என்ற முறையில் அவரும் அந்த நிதிக்குள் வருகிறார்.

மாமன் மகனோடு வெறும் கூட்டாகச் செய்வதை நான் ஒப்பமாட்டேன். ஒருவர் கடனுக்குக் கேபிள் எடுத்துவந்தால் மற்றவரும் அதற்குப் பொறுப்பு. சண்டை வந்தால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முகம் பார்க்க முடியாமல் போகும்.

ஆகவே என் யோசனை, பிடிஒய் லிமிடெட் என்ற தனியார் கம்பெனி; அதன் கடன் அதன் பெயரிலேயே நிற்கும். சிஐபிசியில் பதிவுக் கட்டணம் 125 ராண்டு, பெயரை ஒதுக்கிவைக்க இன்னொரு 50. இருவரும் பங்குதாரர் என்றால் ஆளுக்குப் பாதி என்று வைக்காதீர்கள். மனம் ஒத்துப்போகாத நாளில் ஒரு முடிவும் எடுக்க முடியாது. லைசென்ஸ் வைத்திருப்பவர் கையில் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஒருவர் விலகினால் பங்கின் விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்.

கம்பெனி வைத்துவிட்டால் வீடு பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாமான் மொத்தக் கடையில் கணக்குத் தொடங்கும்போது தரும் விண்ணப்பத்தில், பொடி எழுத்தில், டைரக்டர் சொந்த ஜாமீன் என்று ஒரு பத்தி இருப்பது வழக்கம். வங்கியும் அதையே கேட்கும். அதில் கையெழுத்துப் போட்ட அளவுக்கு அவர் சொந்தச் சொத்தும் கடனுக்குள் வந்துவிடுகிறது. முதல் ஓராண்டு ரொக்கத்துக்கே சாமான் வாங்கட்டும். வேலைக்கு முன்பணம் கேட்டு வாங்கப் பழகட்டும். உங்களையும் ஜாமீனுக்குக் கூப்பிட்டால், மகன் முகம் வாடினாலும் மறுத்துவிடுங்கள். சிஓசி கையெழுத்தும் அப்படித்தான். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு வீடு எரிந்தால், கம்பெனிக்குப் பின்னால் அவர் ஒளிய முடியாது.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆளுக்கு வருமானத்தைப் பொறுத்து 18 முதல் 45 சதவீதம். கம்பெனிக்கு 27 சதவீதம். அந்த வரி போக மிஞ்சிய லாபத்தை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரரின் லாபப் பங்காக, எடுத்தால் அதில் மேலும் 20 சதவீதம். நூறு ராண்டு லாபத்தில் 58.40 தான் கைக்கு வரும். அதனால் சின்னக் கம்பெனியில் சம்பளமாக எடுப்பதே பெரும்பாலும் லாபம். நிபந்தனைகள் பொருந்தினால் சிறு நிறுவனத்துக்கான குறைந்த வரியும் உண்டு. இதற்கு ஒரு கணக்கரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது நல்லது.

தம்பி இப்போது தன் பெயரிலேயே காண்டிராக்டராகப் பதிந்திருந்தால், கம்பெனிக்கு அந்தப் பதிவு தானாக மாறாது. கம்பெனி பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டட சைட்டுகளில் கேட்கும், இழப்பீட்டு நிதிக்குப் பாக்கி இல்லை என்று காட்டும் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்கும் கம்பெனி பெயரிலேயே இருக்க வேண்டும்.

ரூல்ஸ் தேர்வுக்கான தேதி கிடைத்ததும் தம்பியையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். மாமன் மகனும் கூட இருக்கட்டும். பங்கு ஒப்பந்தத்தை இருவரையும் வைத்துக்கொண்டே பேசுவோம்.