இத்தாலியில பீட்சா செயின் கடை ஏன் நிக்கல?

அண்ணா வணக்கம். தெருமுனை பீட்சா கடைங்க பத்தி நீங்க எழுதினத படிச்சேன். டாமினோஸ் இத்தாலிய விட்டு போனத எல்லாரும் "ருசி ஜெயிச்சிடுச்சு"ன்னு கொண்டாடறாங்க. ருசிதான் காரணம்னா மத்த நாடுகள்ல ஏன் செயின் கடையே ஜெயிக்குது? அங்க எல்லாருக்கும் நாக்கு செத்துப் போச்சா?
– ஒரு வாசகர்

தம்பி,

நல்லா கேட்டீங்க. ருசி ஒரு காரணம்தான், ஆனா அதோட நிறுத்திட்டா பாதி கதைதான் தெரியும். 2015ல இத்தாலியில மிலான் நகரத்துல ஆரம்பிச்சப்ப டாமினோஸ் போட்ட திட்டம் 2030க்குள்ள 880 கடை, கடைசில 2022ல எல்லாத்தையும் மூடினப்ப இருந்தது வெறும் 29. அவங்க நம்பிப் போனது டெலிவரிய. வீட்டுக்கு கொண்டு வந்து குடுக்கறது அங்க அப்ப பெருசா வளரல, அந்த இடத்த பிடிச்சிடலாம்னு கணக்கு. கோவிட் வந்து உக்காந்து சாப்பிட வழி இல்லாம போனதும் குடும்பமா நடத்தற சின்ன பீட்சா கடைங்க பல டெலிவரி ஆப்கள்ல சேந்துடுச்சு, அப்புறம் செயின் கிட்ட தனியா குடுக்க என்ன இருக்கு? இத்தாலியில டாமினோஸ் கடைகள நடத்தின கம்பெனியே முதலீட்டாளர்களுக்கு குடுத்த அறிக்கைல இந்தப் போட்டியத்தான் காரணமா சொல்லுச்சு.

செயின் பீட்சாவ நான் மட்டமா பேச மாட்டேன், அது வேற வேலைக்குன்னே செஞ்ச பொருள். இத்தாலியோட நேப்பிள்ஸ் நகரத்து பீட்சா 485 டிகிரி செல்சியஸ் விறகு அடுப்புல 60லேந்து 90 செகண்ட்ல வெந்துடும், உடனே சாப்பிடணும், டப்பால வச்சு மூடினா ஆவில நமுத்துப் போயிடும். செயின்ல மாவு ஒரே இடத்துல பிசைஞ்சு கடைக்கடையா வருது, ஓடற பெல்ட் அடுப்புல ஒரு பக்கம் போட்டா மறுபக்கம் வெந்து வந்துடும், பல வருஷம் அடுப்படில நின்னு பழகினவர்தான் வேணும்னு இல்ல. 1960ல அமெரிக்காவோட மிச்சிகன்ல காலேஜ் பசங்க இருக்கற ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி டாமினோஸ், பயணம் தாங்கற பீட்சாதான் அதோட பலமே. நல்ல கடை பக்கத்துல இல்லாத ஊர்ல, ராத்திரி லேட்டா, எங்க வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும்ங்கற நம்பிக்கைக்கு மதிப்பு இருக்கு, அதுல நாக்கு செத்த விஷயம் ஒண்ணும் இல்ல.

அதனால நான் பாக்கறது, செயின் வர்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னுதான். ஸ்வீடன்ல சின்ன ஊர்ல கூட வெளிநாட்டுலேந்து குடியேறின குடும்பங்க நடத்தற பீட்சா கடை இருக்கு, கெபாப் (சுட்ட கறித்துண்டு) போட்ட பீட்சாவும் கூட ஓசியா முட்டைக்கோஸ் சாலடும் குடுத்து ஒரு பழக்கத்தையே உருவாக்கிட்டாங்க. அப்படி ஒரு இடத்துல புதுசா வர்றவனுக்கு ஏது இடம்? டென்மார்க்லயும் டாமினோஸ் 2019ல திவால் ஆகி, வேற கம்பெனி எடுத்து நடத்தி, 2023ல அதையும் மூடிட்டாங்க. ஜப்பான் அப்படி இல்ல, 1985ல டோக்கியோவுக்கு அவங்க போனப்ப பீட்சாவ வீட்டுக்கு கொண்டு வந்து குடுக்கறதே புதுசு, அங்க நின்னுட்டாங்க.

ஆனா எனக்கு இப்ப செயின விட பெரிய கவலை இத்தாலியில சின்ன கடைய காப்பாத்தின அதே ஆப்தான். கமிஷன் சில இடத்துல 30 சதவீதம் வரைக்கும் போகுது, சொந்த ஆளும் சொந்த ஆப்பும் வச்சிருக்கற செயினுக்கு அந்தத் தொல்லை கம்மி, தனிக்கடைக்காரர்தான் மாட்டிக்கறார். கோவிட் நேரத்துல நியூயார்க் நகராட்சி டெலிவரி கமிஷன் 15 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு சட்டம் போட்டது, மத்த நகரங்களும் போடணும்னு உறுதியா நினைக்கறேன். சட்டம் வர்ற வரைக்கும், நடந்து போற தூரத்துல கடை இருந்தா நேரா போன் பண்ணி சொல்லிட்டு போய் வாங்கிக்கோங்க, காசு முழுசா கடைக்காரருக்கே போகும்.