ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் போலரைஸ்டு ஒளியைப் பயன்படுத்த முடியுமா?

தனியாக போலரைசிங் மைக்ரோஸ்கோப் வாங்காமல், கையில் இருக்கும் ஸ்டீரியோவிலேயே முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அடியிலிருந்து ஒளி வரும் மேடையும் இரண்டு துண்டு போலரைசிங் பிலிமும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை, அதாவது போலரைஸ்டு ஒளியை, மட்டும் விடும் தாள்) இருந்தால் சரி.

ஒரு துண்டை மேடைக் கண்ணாடி மேல் வையுங்கள். மற்றதை லென்சுக்கு அடியில், இரு கண்ணுக்கும் போகும் ஒளி அதன் வழியே போகும்படி பொருத்துங்கள். கீழ்த்துண்டை மெல்லச் சுழற்றினால் ஓரிடத்தில் எல்லாம் இருண்டுவிடும்; அங்கே நிறுத்துங்கள். இப்போது கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் தூவிப் பாருங்கள். சர்க்கரை இருட்டில் பளிச்சென்று ஒளிரும், உப்பு இருட்டோடு இருட்டாகவே கிடக்கும். சர்க்கரைப் படிகம் தனக்குள் நுழையும் ஒளியை வெவ்வேறு வேகத்தில் போகும் இரண்டு கதிர்களாகப் பிரிக்கிறது. கனசதுர அமைப்புள்ள உப்பு அப்படிப் பிரிப்பதில்லை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள்களும் சர்க்கரை மாதிரிதான்.

மாதிரியை வைக்க பிளாஸ்டிக் பெட்ரி தட்டு மட்டும் வேண்டாம். வார்க்கும்போது அதில் தங்கிவிட்ட இறுக்கமே வண்ணம் காட்டும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் மாதிரியின் நிறமல்ல! கண்ணாடித் தட்டு வையுங்கள்.

அப்புறம், கேமரா லென்சின் முன் திருகி மாட்டும் சர்க்குலர் போலரைசர் பில்டர் இருந்தால் மேல்துண்டுக்குப் பதில் அதையே வைக்கலாம், கேமராவில் திருகும் மரையுள்ள பக்கம் மைக்ரோஸ்கோப் லென்சைப் பார்த்தபடி.