மகள் பாடிச் சம்பாதித்தது யார் கணக்கில் வரும்?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். கணவருக்குக் கடையிலிருந்து 6 லட்சம் வருகிறது. 16 வயது மகள் கச்சேரி செய்கிறாள். 2025-26இல் செலவு போகச் சன்மானம் 3.1 லட்சம், சில சபாக்கள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டுதான் கொடுத்தன. தாத்தா அவள் பேரில் போட்ட டெபாசிட்டில் 35,000 ரூபாய் வட்டி, சன்மானத்தைப் போட்டுவைத்த டெபாசிட்டில் 6,000 ரூபாய் வட்டி. கல்லூரியில் படிக்கும் 20 வயது மகன் வீடியோ எடிட்டிங் செய்து 4.6 லட்சம் சம்பாதித்தான். இரண்டு பேரும் எங்களைச் சார்ந்தவர்கள்தானே, எல்லாவற்றையும் என் ரிட்டர்னிலேயே காட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. சாப்பாடும் ஃபீஸும் நீங்கள் கொடுக்கிறீர்கள் என்பதால் அவர்கள் வருமானம் உங்களுடையதாகிவிடாது. வயது என்ன, பணம் எப்படி வந்தது, இந்த இரண்டைத்தான் வருமான வரிச் சட்டம் பார்க்கிறது.

முதலில் மகள். 18 வயது ஆகாத பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவு. ஆனால் பிள்ளை தன் திறமையால், அறிவால் அல்லது உடலுழைப்பால் ஈட்டியதற்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. கச்சேரிச் சன்மானம் அப்படிப்பட்டதுதான். அந்த 3.1 லட்சம் முழுக்க முழுக்க அவளுடையது. புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் என்பதால் அவளுக்கு வரி கிடையாது, பொதுவாக ரிட்டர்ன் கட்டாயமும் இல்லை. ஆனாலும் தாக்கல் செய்யுங்கள். பிடித்த டிடிஎஸ் திரும்பி வர அது ஒன்றுதான் வழி. பாதுகாவலர் என்ற முறையில் அவள் சார்பில் நீங்களே தாக்கல் செய்யலாம். அவளுக்கு பான் இல்லையென்றால் உடனே எடுங்கள். பான் இல்லாதவர்களிடம் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். குழந்தை தொண்டை வற்றப் பாடிய பணம் அது. சபாக்கள் தந்த கடிதம், ரசீது, பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்த கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருங்கள். திறமையால் வந்த பணம் என்பதற்கு அவைதான் சாட்சி.

வட்டி விஷயம் வேறு. தாத்தா போட்ட டெபாசிட்டின் 35,000 உங்கள் வருமானத்தில்தான் சேரும். பலர் இடறுவது அந்த 6,000 ரூபாயில்தான். அவள் பாடிச் சம்பாதித்த பணம்தானே என்று தோன்றும். சன்மானம் அவளுடையது, சரி. ஆனால் வட்டி அவள் பாடியதால் வந்ததல்ல, முதலீட்டால் வந்தது. அதனால் அதுவும் உங்கள் பக்கம். ஆக 41,000. கணவருக்கு வரி குறைவு என்று அவர் கணக்கில் காட்டக் கூடாது. சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 75,000 போனால் உங்கள் வருமானம் 13.25 லட்சம், 15 சதவீத வரம்பில் இருக்கிறீர்கள். 4 சதவீத செஸ் சேர்த்தால் இந்த வட்டிக்கு 6,396 ரூபாய் வரி வரும். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு, புதியதில் அதுவும் இல்லை. இனி வரும் சன்மானத்தை அவள் பேரில் பிபிஎஃபில் (பொது வருங்கால வைப்பு நிதி) போடலாம். அதன் வட்டிக்கு வரியே இல்லை. உங்கள் பிபிஎஃபும் அவளுடையதும் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

மகனுக்கு 18 முடிந்துவிட்டது. அவன் வருமானம் உங்கள் ரிட்டர்னில் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் அவன் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அதைக் கேட்டுவிட்டு ரிட்டர்னே போடாமல் இருக்கிறார்கள் நிறையப் பேர். 4 லட்சத்தைத் தாண்டிவிட்டாலே தாக்கல் கட்டாயம். அந்தத் தள்ளுபடியே ரிட்டர்ன் போட்டுக் கேட்டுப் பெறுவதுதான். தாமதமானால் அவன் வருமானத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம் உண்டு. கல்லூரி உதவித்தொகை ஏதாவது வந்தால் அதற்கு வரி இல்லை.

அப்புறம், மகளுக்கு 18 ஆகும் ஆண்டில் பிறந்தநாளுக்கு முந்தைய வட்டி உங்களுடையது, பிந்தையது அவளுடையது. அந்த ஆண்டு வங்கியில் வட்டிச் சான்றிதழைத் தேதிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். அவள் படமும் கையெழுத்தும் வரும்படி பான் கார்டையும் அப்போது மாற்றிவிடுங்கள்.