அரங்கில் விருந்தினர் யார்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் பதக்கம் வழங்க வந்த பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னைப் பார்வையாளர்கள் கூச்சலிட்டு அவமதித்ததை, சென்ற வாரக் குறிப்பில் நியாயப்படுத்தி எழுதியிருந்தீர்கள். விருந்தினராக வந்தவரை இப்படி நடத்துவது பண்பாடா? அருகில் பதக்கம் வாங்க நின்ற வீரர் என்ன பாவம் செய்தார்? போகட்டும், அரங்கக் கூச்சலை மக்களின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதாவது சரியா?

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசிக் கேள்வியில் எனக்கு மறுப்பே இல்லை. முதல் கேள்வியோடு உடன்பட முடியவில்லை. நடுவில் கேட்டது என்னையும் உறுத்துகிறது.

செப்டம்பர் 3 அன்று மாலை, ஆடவர் டி38 பிரிவு (மூளைவாதம் போன்ற இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கானது) 400 மீட்டர் ஓட்டத்துக்கான பதக்க விழா நடந்தது. ஒலிபெருக்கியில் ஆஸ்போர்னின் பெயர் வந்ததும், ஏறத்தாழ 80,000 பேர் கொள்ளும் அந்த அரங்கின் நாலாபுறத்திலிருந்தும் 'ஊ' என்ற ஒலி எழுந்து ஒன்றாகச் சேர்கிறது. காணொளியில் அவர் முகத்தைக் கவனியுங்கள். முதலில் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தெரியாமல் அப்படியே நிற்கிறார். அரசியல்வாதி என்றாலே ஊளையிடுகிற கூட்டமாக அதை ஒதுக்கிவிட முடியாது. 2010 தேர்தலில் ஆட்சியை இழந்த முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன், அதே போட்டிகளில் நீச்சல் அரங்கில் பதக்கம் வழங்கியபோது ஆரவாரத்துடன் வரவேற்கப்பட்டார்.

ஆஸ்போர்ன்மீது அந்தக் கூட்டத்துக்கு இருந்த கோபத்துக்குக் குறிப்பான காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையை மாற்றியமைத்துச் செலவைக் குறைக்கும் சட்டத்தை அவரது அரசு அந்த ஆண்டு மார்ச்சில்தான் நிறைவேற்றியிருந்தது. உடல்நலம் குன்றியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வேலை செய்யத் தகுதியுள்ளவர்கள்தானா என்று அரசுக்காகச் சோதித்துக்கொண்டிருந்த அட்டோஸ் நிறுவனமே அந்தப் பாராலிம்பிக்கின் விளம்பரதாரர்களில் ஒன்றாகவும் இருந்தது. உதவித்தொகையில் கைவைத்த அரசின் நிதியமைச்சர், அதே மக்களின் சாதனை மேடையில் வந்து நிற்கும்போது, அவரை வெறும் விருந்தினர் என்று எப்படிச் சொல்வது? அந்த அரங்கைக் கட்டியது பெரும்பாலும் பொதுப்பணம், இருக்கைகளில் இருந்தவர்களோ சீட்டு வாங்கி வந்தவர்கள். கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஆள் சேர்க்கலாம். இங்கே சேர்க்க முடியாது. கைதட்டலில் பங்கு கேட்டு வருகிறவர், கிடைப்பது எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அது தீர்ப்பா என்றால், இல்லை. 2015 தேர்தலில் ஆஸ்போர்னின் கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது, அவரே நிதியமைச்சராகத் தொடர்ந்தார். பிரேசிலின் கதை இன்னும் தெளிவானது. 2014 ஜூன் 12 அன்று சாவோ பாவ்லோவில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க ஆட்டத்தில், அதிபர் தில்மா ரூசெஃபைக் காது கூசும் வசவுகளால் அர்ச்சித்தார்கள். முந்தைய ஆண்டு பிரசிலியாவில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில் கூச்சலுக்கு ஆளானது போதும் என்று அவர் அன்று உரையே ஆற்றவில்லை. பிரசிலியாவில் அவருக்காகப் பரிந்து பேசிய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர், மரியாதை எங்கே என்று கூட்டத்தையே கேட்கப் போக, கூச்சல் இரட்டிப்பானதுதான் மிச்சம். சாவோ பாவ்லோவில் விலையுயர்ந்த சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள். தில்மாவின் வாக்காளர்களோ பெருமளவில் ஏழைகள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மீண்டும் வென்றார், மிகக் குறைந்த வித்தியாசத்தில். அவருக்கு முன் 2007இல், மரக்கானா அரங்கில் பான் அமெரிக்க விளையாட்டுத் தொடக்க விழாவில் அதிபர் லூலாவைப் பேசவிடாமல் கூச்சலிட்டார்கள்; போட்டிகளைத் தொடங்கிவைக்கும் வாசகத்தை அவருக்குப் பதிலாக அமைப்புக் குழுத் தலைவர் கார்லோஸ் நூஸ்மான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த லூலா முந்தைய ஆண்டுதான் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளுடன் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மரக்கானாவில் ஒரு நிமிட மௌன அஞ்சலிக்குக்கூட ஊளையிடுவார்கள் என்று பிரேசிலில் ஒரு பேச்சு உண்டு.

ஆகவே கூச்சலைக் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது, இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் நிற்பவரோடு அவர்களுக்கு என்ன வழக்கு என்பதைத்தான். டெல்லி காமன்வெல்த் விளையாட்டின் தொடக்க விழாவில், 2010 அக்டோபர் 3 அன்று, ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகியிருந்த அமைப்புக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி பேச எழுந்தபோது எழுந்த கூச்சலுக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை. எந்த ஊர்க் கூட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் திரையரங்குகளில் விசில் என்றால் கொண்டாட்டம், ஸ்பெயினில் அதுவே வசவு. 2009இல் வலென்சியாவில் நடந்த அரசர் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், அரசர் முன்னிலையில் ஒலித்த தேசிய கீதத்தை, தனிநாட்டு உணர்வு வலுவாக உள்ள கட்டலோனியா, பாஸ்க் பகுதிகளின் அணிகளான பார்சலோனா, பில்பாவோ ரசிகர்களின் விசில் மூழ்கடித்தது.

அந்த விசிலை அரசுத் தொலைக்காட்சி நேரலையில் காட்டாமல் தவிர்த்தது. பிறகு மன்னிப்புக் கேட்டு, விளையாட்டுப் பிரிவின் தலைவரை நீக்க வேண்டியதாயிற்று. கூச்சலைவிட எனக்கு அருவருப்பாக இருப்பது இந்த மூடிமறைப்புதான். 2016இல் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் தில்மா இடைநிறுத்தப்பட்டபின் பொறுப்பேற்றிருந்த இடைக்கால அதிபர் மிஷெல் டெமெரின் பெயரையே அறிவிக்காமல் விட்டார்கள். அவர் ஒற்றை வாக்கியத்தில் போட்டிகளைத் தொடங்கிவைத்தபோது கூட்டம் அடையாளம் கண்டுகொண்டு கூச்சலிட்டது. நிறைவு விழாவுக்கு அவர் வரவேயில்லை. 2025 அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் ஆடவர் இறுதி ஆட்டத்துக்கு டிரம்ப் வந்தபோது, கூட்டத்தின் எதிர்வினையைக் காட்ட வேண்டாம் என்று ஒளிபரப்பாளர்களை அமைப்பாளர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள்.

இனி, அந்த வீரர். நான்காண்டு உழைத்து மேடைக்கு வந்தவர் தன் பெயருக்கு முன்னால் அந்த இரைச்சலைக் கேட்க நேர்ந்தது அநியாயம்தான். அதை என் குறிப்பில் எழுதாமல் விட்டது என் பிழை. ஆனால் அதற்கான பொறுப்பைக் கூட்டத்தின் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். ஒலிம்பிக்கில் பதக்கம் அணிவிப்பது வழக்கமாகச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர்கள்; அவர்களில் பலரை யாருக்கும் அடையாளம் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. லண்டன் பாராலிம்பிக்கில் அந்த இடத்தில் பதவியில் இருக்கும் அமைச்சர் ஒருவரை நிறுத்தலாம் என்று முடிவெடுத்தவர்களிடமும், சரி என்று வந்து நின்றவரிடமும்தான் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பேன்.