மூச்சுத்திணறலுக்காக முன்னாள் படைவீரரான என் அண்ணன் போட்ட விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அண்ணன் அமெரிக்க ராணுவத்தில் 2007, 2008-ல் ஈராக்கில் இருந்தார். இப்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இரவெல்லாம் இருமல். முன்னாள் படைவீரர் நலத்துறையிடம், அதாவது வி.ஏ.விடம், ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதி இயலாமை இழப்பீடு கேட்டார். எந்த நோயும் உறுதி செய்யப்படவில்லை என்று 7 மாதத்துக்கு முன் மறுப்புக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து ‘விடு, பரவாயில்லை’ என்கிறார். டாக்டரிடமும் போவதில்லை.

அந்தப் ‘பரவாயில்லை’யைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஆறு வருடம் வீணானது அந்த ஒரு வார்த்தையால்.

நான் 2009-ல் மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தவன். குடியுரிமை இல்லாவிட்டாலும், சட்டப்படி அமெரிக்காவில் தங்கியிருந்து, ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2011-ல் தெற்கு ஆப்கானிஸ்தானில் ஒரு தளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தேன். தளத்தின் ஓரத்தில் குப்பைக் குழி எரிந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக், பேட்டரி, பெயின்ட் டப்பா, கழிவறைக் கழிவு எல்லாம் அதில்தான் போகும். காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில் காலையில் துப்பினால் சளி கறுப்பாக வரும். ஊர் திரும்பும்முன் ஒரு உடல்நலக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். இருமல் உண்டா, மூச்சு விடச் சிரமம் உண்டா, புகையில் இருந்தீர்களா என்று கேள்விகள். ‘ஆம்’ என்று குறித்தால் கூடுதல் பரிசோதனைக்கு நிறுத்திவைப்பார்கள் என்று எங்களுக்குள் பேச்சு. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன்.

2014-ல் வெளியே வந்தேன். 2016-ல் ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். அந்த வருடமே இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன், மறுப்பு வந்தது. அப்போதைய விதிப்படி மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணிக்காலத்தில் அதற்கான காரணம் நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர் சொல்கிறார். என் பணிக்காலக் கோப்பில் நானே குறித்த ‘இல்லை’கள்தான் இருந்தன. சரி, பரவாயில்லை என்று கடிதத்தை மேசை அறைக்குள் போட்டுவிட்டேன்.

உங்கள் அண்ணன் நிலைமை என்னுடையதைவிட நல்ல நிலைமை. 2021 ஆகஸ்டில் வி.ஏ. தன் விதியை மாற்றி, ஈராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் பணியாற்றியவர்களுக்கு ஆஸ்துமா, நாள்பட்ட சைனஸ், நாள்பட்ட மூக்கழற்சி மூன்றும் பணியால் வந்தவை என்று தானாகவே ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. எனக்கு 2022-ல் 30 சதவீத இயலாமை மதிப்பீடு கிடைத்தது அந்த விதியின் கீழ்தான். அதற்கு அடுத்து, 2022 ஆகஸ்ட் 10-ம் தேதி, நச்சுப் புகை போன்றவற்றால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான பேக்ட் சட்டம் கையெழுத்தானது. கொசோவோவிலும் ஈராக்கிலும் பணியாற்றி, 2020-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஹீத் ராபின்சன் என்ற ஒஹாயோ வீரரின் பெயர் அந்தச் சட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், எம்ஃபிசீமா, நுரையீரல் தழும்பு நோய், சார்காய்டோசிஸ், நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழாய்கள் சுருங்கும் பிராங்கியோலைட்டிஸ் என்று பட்டியல் நீண்டது. ஈராக்கில் 1990 ஆகஸ்ட் 2-க்குப் பிறகு எப்போது இருந்திருந்தாலும் போதும். எந்தக் குழி, எந்தப் புகை என்று அண்ணன் நிரூபிக்க வேண்டியதில்லை. ஈராக்கில் இருந்த பலாட் தளத்தின் குழி மட்டும் சுமார் 10 ஏக்கர், விமான எரிபொருளை ஊற்றி எரித்தார்கள். புகை பட்டதா இல்லையா என்ற விவாதத்தை இந்தச் சட்டம் முடித்துவைத்துவிட்டது.

அப்படியென்றால் ஏன் மறுத்தார்கள்? ‘மூச்சுத்திணறல்’ என்பது அறிகுறி. பட்டியலில் இருப்பவை நோய்களின் பெயர்கள். அண்ணனுக்கு இப்போது குறைவது ஒன்றே ஒன்றுதான், டாக்டர் கையெழுத்தோடு ஒரு நோயின் பெயர். அதனால் முதலில் சிகிச்சைக்குப் போகச் சொல்லுங்கள். விண்ணப்ப வேலையையும் வைத்தியத்தையும் இரண்டு தனிக் காரியமாக நினைத்தவன் நான், அது தவறு. டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு உண்டாகிறது, பிறகு அதுதான் ஆதாரம்.

இழப்பீடு மறுக்கப்பட்டதால் வி.ஏ. மருத்துவமனைக் கதவும் மூடிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2024 மார்ச் 5 முதல், ஈராக் போன்ற இடங்களில் நச்சுப் புகையில் இருந்தவர்கள் இழப்பீடு எதுவும் பெறாமலே வி.ஏ. மருத்துவத்தில் நேரடியாகச் சேரலாம். 10-10 ஈ.இசட் என்ற படிவம். சேர்ந்ததும் நச்சுப் பாதிப்புக் கேள்விகள் கேட்பார்கள், சில நிமிட வேலை. அங்கே ‘ஆம்’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் நுரையீரல் சோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதி, இனி வராது என்ற பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று தடவையாவது ஊத வைப்பார்கள். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் எஃப்.இ.வி.1 என்ற எண். அன்று காலை இன்ஹேலர் எடுக்கலாமா கூடாதா என்று முன்னாடியே மருத்துவமனையில் கேளுங்கள், அவராக நிறுத்த வேண்டாம்.

இந்தச் சோதனை சரியாக வந்தாலும் மனம் விட வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். 2003-ல் மோசூல் பக்கம் மிஷ்ராக் கந்தக ஆலை தீப்பிடித்துப் பல வாரம் எரிந்தது. அங்கிருந்து திரும்பிய வீரர்களுக்கு முன்போல ஓட முடியவில்லை, ஆனால் வழக்கமான சோதனைகள் பெரும்பாலும் இயல்பாகவே வந்தன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் அப்படி அனுப்பப்பட்ட 80 வீரர்களைப் பார்த்து, 49 பேருக்கு நுரையீரல் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். 38 பேருக்கு நுண்குழாய்கள் சுருங்கிய பிராங்கியோலைட்டிஸ் இருந்தது. 2011-ல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. ‘ரிப்போர்ட் நார்மல், போய் உடம்பைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிட்டால், நுரையீரல் நிபுணரிடம் பரிந்துரை கேளுங்கள். ரத்தத்துக்கு ஆக்சிஜன் கடத்தும் திறனைப் பார்க்கும் சோதனை, ஆஸ்துமாவைத் தூண்டிப் பார்க்கும் மெத்தகோலின் சோதனை, நுண்ணிய சி.டி. ஸ்கேன் என்று அடுத்த படிகள் இருக்கின்றன. திசுவை எடுப்பது அறுவைச் சிகிச்சை, அதை நிபுணர் முடிவுசெய்யட்டும்.

அடுத்தது தேதி. மறுப்புக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் ‘துணை விண்ணப்பம்’ போட்டால், ஜெயிக்கும்போது முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்தே பணம் கணக்கிட வாய்ப்பு இருக்கிறது. படிவம் 20-0995. புதிய, வழக்குக்குப் பொருத்தமான ஆதாரம் வேண்டும், நோயின் பெயர் எழுதிய மருத்துவக் குறிப்பே அது. உயர்நிலை மறு ஆய்வு என்று இன்னொரு வழி உண்டு, ஆனால் அதில் புது ஆதாரம் சேர்க்க முடியாது. அண்ணனுக்கு அது உதவாது.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். பல கவுண்டி (மாவட்டம் போன்றது) அலுவலகங்களிலும் இதற்கென்றே ஆள் உண்டு. ‘உங்கள் சதவீதத்தை ஏற்றித் தருகிறோம், வரும் பணத்தில் பங்கு கொடுங்கள்’ என்று போன் வரும். முதல் விண்ணப்பத்தைத் தயார்செய்யக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மறுப்புக்குப் பிறகும் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோ மட்டும்தான் வாங்கலாம். மூச்சு விடமுடியாமல் இருப்பவனிடம் அப்படிப் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் எனக்குக் கோபம் அதிகம். அந்தப் போனை வைத்துவிடுங்கள்.

விண்ணப்பம் போன பிறகு இழப்பீட்டுப் பரிசோதனைக்கு அழைப்பு வரலாம். நம் ஆட்கள் ‘சி அண்ட் பி’ என்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிடவே கூடாது. பார்ப்பவர் வைத்தியம் செய்பவர் இல்லை, பார்த்ததை எழுதி அனுப்புகிறவர். முதல் விண்ணப்பத்தின்போது நான் போன அறையில், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று அவர் மரியாதைக்குக் கேட்டார். ‘நன்றாக இருக்கிறேன்’ என்றேன். நோயாளி நலமாக இருப்பதாகச் சொல்கிறார் என்று அறிக்கையில் வந்தது. இரண்டாம் தடவை போனபோது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை படியில் நிற்கிறேன், வாரத்தில் எத்தனை இரவு இருமி எழுகிறேன், எந்த வேலையை விட்டுவிட்டேன், எந்த இன்ஹேலர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொன்னேன், ஏனென்றால் அன்று எனக்கு நல்ல நாள்.

சதவீதம் எப்படி வருகிறது என்று ஆஸ்துமாவை வைத்துச் சொல்கிறேன். எஃப்.இ.வி.1 எதிர்பார்க்கும் அளவில் 71 முதல் 80 சதவீதம் இருந்தாலோ, அவ்வப்போது இன்ஹேலர் தேவைப்பட்டாலோ 10. எஃப்.இ.வி.1 56 முதல் 70 இருந்தாலோ, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைத் தினமும் உள்ளிழுக்க வேண்டியிருந்தாலோ, ஸ்டீராய்டு போன்ற அழற்சி குறைக்கும் இன்ஹேலர் எடுத்தாலோ 30. 40 முதல் 55 இருந்தாலோ, வருடத்தில் மூன்று தடவையாவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைப்பட்டாலோ 60. அதற்கும் கீழே போனால் 100. எனக்கு ஊதும் சோதனையில் எண் நன்றாகத்தான் வந்தது, தினசரி இன்ஹேலரின் பதிவுதான் 30-ஐக் கொடுத்தது. 2025 கணக்கில், குடும்பத்தினர் யாரும் சாராத ஒருவருக்கு 30 சதவீதத்துக்கு மாதம் சுமார் 537 டாலர், 60-க்குச் சுமார் 1,395. வரி கிடையாது. அந்த நோய்க்கான வி.ஏ. வைத்தியத்துக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஆனால் ஆஸ்துமாவும் சிஓபிடியும் சேர்ந்திருந்தால் தனித்தனியாகக் கூட்ட மாட்டார்கள், எது அதிகமோ அதை வைத்து ஒரே சதவீதம்.

வைத்தியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் நாலு வருடம் இன்ஹேலரைத் தப்பாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மருந்தாளுநர் என்னை இழுத்துக் காட்டச் சொன்னார். மருந்து பாதிக்கு மேல் நாக்கிலேயே தங்குகிறது என்றார். ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கச் சொன்னார். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரும். பிறகு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சில வாரங்களுக்கு, வாரம் இரண்டு மூன்று நாள். விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிக்கொண்டு நடப்பது, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை வெளியே விடுவது. மூச்சு வாங்கினால் பயம், பயத்தில் இன்னும் மூச்சு வாங்கும். அந்தச் சுற்றை எப்படி நிறுத்துவது என்று அங்கேதான் கற்றேன். நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது மாடி ஏறுகிறேன். அண்ணனுக்கு இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது. படிவம் 21-10210, சாட்சி வாக்குமூலம். கூட இருக்கும் யாரும் கண்ணால் பார்த்ததை எழுதலாம். இரண்டாம் விண்ணப்பத்துக்கு என் மனைவி எழுதினார். நான் படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன், சிரித்தால் இருமல் வரும் என்பதால் குழந்தை சிரிப்பு காட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. நான் அவரிடம் எதையும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ராணுவத்துக்குப் போகும் முன் அண்ணன் எப்படி ஓடினார் என்று உங்களுக்குத் தெரியும், இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்றும் தெரியும். இரண்டையும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

இன்று இரவே அந்த மறுப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து, மேலே உள்ள தேதியைப் பாருங்கள். உங்கள் கணக்குப்படி இன்னும் சுமார் 5 மாதம் இருக்கிறது. தேதியைக் கீழே எழுதினால், எந்த வாரத்துக்குள் எதை முடிக்க வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.