சண்டை நடக்கும் ஊரில் நிவாரண வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிவாரணப் பணிக்குக் கிளம்புகிறவர்கள், ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள், அவர்களுடைய வீட்டார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களையும் அவர்களுடைய நிறுவனங்களையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு, சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தென் சூடானில் ஒரு மருத்துவத் தொண்டு நிறுவனத்தில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்? சம்பளம் தவிர வேறு எதையும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
*மதுரையிலிருந்து ஒரு வாசகி*

தயங்காமல் கேளுங்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கும். முகம் சுளித்தால் அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

முதலில், நீங்கள் தங்கப்போகும் ஊரில் கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். திருட்டு, வண்டி பறிப்பு, துப்பாக்கிச் சூடு, ஊழியர்களுக்கு மிரட்டல் எல்லாவற்றையும் கேளுங்கள். 'தென் சூடானில் நிலைமை எப்படி' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தலைநகர் ஜூபாவின் நிலைமை வேறு, ஜோங்லே மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரின் நிலைமை வேறு.

அடுத்தது காப்பீடு. பாலிசியின் நகலையே வாங்கிப் படியுங்கள். சாதாரண விபத்துக் காப்பீடுகளில் போரால் வரும் சாவும் காயமும் விலக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு எடுப்பதில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காயம்பட்டால் விமானத்தில் ஏற்றிப்போக ஏற்பாடு உண்டா, அதை யார் முடிவு செய்வார்கள் என்றும் கேளுங்கள். அந்த நாட்டில் மழைக்காலத்தில் பல சாலைகள் மாதக்கணக்கில் அடைபட்டுப்போகும், மண் ஓடுபாதைகள் சேறாகி விமானம் இறங்க முடியாது. அதனால் 'ஆகஸ்ட் மாதத்தில் ஒருவர் அடிபட்டால் என்ன செய்வீர்கள்' என்றே கேளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'இன்றைக்கு அந்தப் பாதையில் நான் வரவில்லை' என்று சொன்னால் உங்கள் வேலைக்கு ஆபத்து வருமா? வராது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 2012 ஜூன் 29 அன்று கென்யாவின் தடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சிலின் வாகன வரிசை தாக்கப்பட்டது. ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். நான்கு ஊழியர்கள் கடத்தப்பட்டு, நான்கு நாள் கழித்து சோமாலியாவுக்குள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில், நிறுவனம் பெரும் அலட்சியம் காட்டியது என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2015 நவம்பரில் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கச் சொன்னது. ஊழியரைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் சட்டப்பூர்வக் கடமை, போர்முனையில் வேலை என்பதால் அது தள்ளுபடி ஆகிவிடாது என்பதை நிறுவனங்களுக்கு உறைக்க வைத்த தீர்ப்பு அது.

வண்டியில் பெரிதாக லோகோ, கூரையில் கொடி. இருந்தும் அடிக்கிறார்களே, இதையெல்லாம் வைத்து என்ன பயன்?

பயன் உண்டு, ஆனால் அதுவே கவசம் ஆகாது. ஆப்கானிஸ்தானில் குந்தூஸ் நகரில் இருந்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் மருத்துவமனையின் இருப்பிடக் குறியீடு அமெரிக்கப் படைக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. 2015 அக்டோபர் 3 அன்று அதன்மேல் அமெரிக்க விமானம் குண்டு பொழிந்ததில் 42 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் ஊழியர்கள். காசாவில் 2024 ஏப்ரல் 1 அன்று உணவு வழங்கும் 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்' அமைப்பின் வண்டிகள் இஸ்ரேல் ராணுவத்திடம் பாதையைத் தெரிவித்துவிட்டே கிளம்பின. மூன்று வண்டிகளும் தாக்கப்பட்டு ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

ஜெனீவா உடன்படிக்கைகள் நிவாரண ஊழியர்களைக் காக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டளை இடுகிற அதிகாரியிலிருந்து பொத்தானை அழுத்துகிற ஆள் வரை அந்தத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. அதனால் பாதையைத் தெரிவித்த பிறகு, 'கிடைத்தது' என்ற பதில் யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வையுங்கள். பதில் வரவில்லையா, வண்டியை எடுக்காதீர்கள்.

நீங்கள் யார், எதற்கு வந்தவர் என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருப்பதும் ஒரு பாதுகாப்பு. கிணறு தோண்டுகிறவர்கள் ஏன் ஒரு தெருவில் தோண்டினார்கள், அடுத்த தெருவில் தோண்டவில்லை என்று ஊர் கேட்கும்போது பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் கோபத்தைச் சும்மா விட்டால் மிரட்டலில் போய் முடியும்.

சூடானில் திட்டப் பொறுப்பாளராக இருக்கிறேன், சொந்த ஊர் மட்டக்களப்பு. நிலைமை மோசமானால் வெளிநாட்டு ஊழியர்களை வெளியேற்ற எங்களிடம் நாற்பது பக்கத் திட்டம் இருக்கிறது. சூடானிய ஊழியர்களுக்கு 'வீட்டிலேயே இருங்கள்' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மற்றக் கடிதங்களைவிட உங்கள் கடிதத்தோடு அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். 2024-இல் உலகெங்கும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள். பணமும் பயிற்சியும் விமான இருக்கையும் வேறொருவருக்குப் போகின்றன. இது ஏதோ கவனக்குறைவு அல்ல, அநியாயம்.

மட்டக்களப்புக்காரரான உங்களுக்கு மூதூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் இலங்கையின் மூதூரில் சண்டை மூண்டபோது, சுனாமிக்குப் பிந்தைய குடிநீர், சுகாதாரப் பணிக்காக வந்திருந்த 'பசிக்கு எதிரான செயல்' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலகத்தில் அடைந்திருந்தார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஊர்மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்த ஆகஸ்ட் 4 அன்று, நிறுவனத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு அந்த வளாகத்தில் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசப் படைகளே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2008 செப்டம்பரில், நிவாரண நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. வெளிநாட்டவர்கள் கிளம்பினார்கள். உள்ளூர் ஊழியர்களும் குடும்பங்களும் வெளியேறப் புலிகள் அனுமதி தரவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஒவ்வொரு ஊழியரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், அப்பா அம்மா எங்கே, சண்டை வந்தால் எந்த ஊருக்குப் போவார், அங்கே யார் இருக்கிறார்கள், வண்டிக்கு எவ்வளவு ஆகும்? அப்புறம், அந்தச் சாலையில் அவர் போக முடியுமா? டார்ஃபூரில் ஓர் இனத்தவர் தாராளமாகப் போய்வரும் பாதையில் மசாலித் இனத்தவர் உயிரோடு திரும்ப முடியாமல் போனது 2023-இல் எல் ஜெனீனா நகரில் நடந்தது. ஒரே வெளியேற்றப் பாதையை எல்லோருக்கும் எழுதி வைப்பதில் அர்த்தமே இல்லை.

மூன்று மாதச் சம்பளத்தை முன்கூட்டியே, ஒரு பகுதியாவது ரொக்கமாகக் கொடுங்கள். 2024 பிப்ரவரியில் சூடானில் தொலைத்தொடர்பு முடங்கியபோது கைபேசியில் இருந்த பணத்தால் ரொட்டி வாங்க முடியவில்லை. பாஸ்போர்ட் ஊழியரின் கையிலேயே இருக்கட்டும். 2023 ஏப்ரலில் சண்டை மூண்டு, தலைநகர் கார்ட்டூமில் இருந்த தூதரகங்கள் மூடிக்கொண்டு கிளம்பியபோது, விசாவுக்காகக் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டுகள் உள்ளே மாட்டிக்கொண்டு பல சூடானியர்கள் எல்லையைத் தாண்ட முடியாமல் தவித்தார்கள். ஊழியர்களின் இனம், முகவரி, குடும்ப விவரம் உள்ள கோப்புகளை அலுவலக அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லோகோ சட்டையைப் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. வெளியேறிய பிறகு தொலைவில் இருந்துகொண்டு அவர்களிடம் வேலையை ஒப்படைக்கிறீர்கள் என்றால், ஆபத்தையும் சேர்த்தே ஒப்படைக்கிறீர்கள். அதற்கேற்ற காப்பீடும் கூடுதல் ஊதியமும் முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே போக வேண்டும். தலைமையகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், நீங்கள் கேட்டதையும் அவர்கள் மறுத்ததையும் எழுத்தில் வையுங்கள்.

சோதனைச் சாவடியில் எப்படி நடந்துகொள்வது? எங்கள் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.
*லாஜிஸ்டிக்ஸ் அலுவலர், காங்கோ*

உங்கள் ஓட்டுநர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரியாகவே இருக்கும், அவர்கள் சாலையைப் படித்தவர்கள். பொதுவாகப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

தூரத்திலிருந்தே வேகத்தைக் குறையுங்கள். இருட்டில் முன்விளக்கைத் தாழ்த்தி, வண்டிக்குள் இருக்கும் விளக்கைப் போடுங்கள், உள்ளே யார் என்று சாவடியில் நிற்பவனுக்குத் தெரியட்டும். ஆனால் முடிந்தவரை இருட்டில் போகவே வேண்டாம். கண்ணாடியைப் பாதி இறக்குங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், பாட்டை நிறுத்துங்கள். கைகள் வெளியே தெரியட்டும். காகிதத்தை எடுக்க வேண்டுமானால், 'பையிலிருந்து எடுக்கப்போகிறேன்' என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும். பின் இருக்கையில் இருப்பவர் போனைத் தொடவே கூடாது, படம் எடுக்கிறார் என்று நினைத்தால் எல்லோருக்கும் ஆபத்து. 'என்னை அடுத்த ஊரில் இறக்கிவிடு' என்று ஆயுததாரி கேட்டால், 'ஆயுதம் ஏற்றினால் எனக்கு வேலை போய்விடும்' என்று பணிவாகச் சொல்லலாம். வண்டிக் கதவில் ஒட்டிய 'துப்பாக்கிக்கு இடமில்லை' படத்தைக் காட்டி ஓட்டுநர்கள் இதைச் சொல்வார்கள்.

சாவடியில் இருக்கும் பையனுக்குப் பதினாறு வயதாக இருக்கலாம், குடித்திருக்கலாம், பயந்துபோயிருக்கலாம். அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசுங்கள். வண்டியைக் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். எந்த லேண்ட் குரூசருக்காகவும் ஒருவர் சாக வேண்டியதில்லை.

ஆயுதப் பாதுகாப்போடு போகலாமா?

பெரும்பாலும் வேண்டாம். துப்பாக்கியோடு வருகிறவரின் எதிரி உங்களுக்கும் எதிரி ஆகிவிடுவார். துணைக்கு ஆள் வைக்காத அடுத்த நிறுவனத்தின் வண்டியும் சந்தேகத்துக்கு ஆளாகும். ஆனால் விதிவிலக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயுதத்தைத் தவிர்ப்பதையே கொள்கையாக வைத்திருக்கும் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுகூட 1990-களில் சோமாலியாவில் காவலுக்கு ஆள் வைத்தது.

எங்கள் சிறிய அமைப்பு மணிப்பூர் முகாம்களில் வேலை செய்கிறது. பாதுகாப்பு அலுவலர் வைக்கப் பணமில்லை. குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

பணம் இல்லாமலே நிறையச் செய்யலாம். யார் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று எழுதிவைக்க ஒரு பலகையும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆளும் வேண்டும். சொன்ன நேரம் தாண்டி அரைமணி ஆகியும் தகவல் இல்லையென்றால் அந்த ஆள் யாரை அழைக்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். 2023 மே மாதம் மெய்தெய், குக்கி மக்களுக்கு இடையே மோதல் தொடங்கியதும் மணிப்பூரில் இணையம் மாதக்கணக்கில் முடக்கப்பட்டது உங்களுக்கே தெரியும். சாதாரண அழைப்பு, குறுஞ்செய்தி, கடைசியாக ஆள் மூலம் தகவல் என்று வரிசை இருக்கட்டும். சாட்டிலைட் போன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் வேலை முடிந்து சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறவர்களும் பையில் துரையா போன்ற சாட்டிலைட் போன் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெய்தெய் ஊழியரைக் குக்கிகள் வாழும் சுராசந்த்பூருக்கோ குக்கி ஊழியரை மெய்தெய்கள் வாழும் இம்பாலுக்கோ அனுப்பாதீர்கள், அவரே 'போகிறேன்' என்றாலும்கூட. எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு பக்கமும் லாரி ஓட்டிய பங்கல் முஸ்லிம் ஓட்டுநர்கள் பெரும் சேவை செய்தார்கள். அவர்களை நம்பித்தான் உங்கள் அரிசியும் போகிறது என்றால் அவர்களுக்கும் காப்பீடு எடுங்கள்.

கணவர் ஏமனில் இருக்கிறார். ஒருவேளை அவரைக் கடத்திவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நிறுவனத்தில் உங்களோடு பேசும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டு, அவர் எண்ணை வாங்கி வையுங்கள். கணவர் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தக் கேட்கும் இரண்டு மூன்று கேள்விகளைக் கணவரே உறையிலிட்டு நிறுவனத்திடம் கொடுத்திருக்க வேண்டும். பேஸ்புக்கில் இல்லாத, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்விகளாக அவை இருக்கட்டும்.

நடந்துவிட்டால், கடத்தியவர்கள் உங்களையே அழைக்கக்கூடும். எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், திட்டவும் வேண்டாம். சொன்னதை எழுதிக்கொண்டு, அவர் நலமா என்று மட்டும் கேளுங்கள். தொலைக்காட்சிக்கு முதல் நாளே பேட்டி கொடுக்க வேண்டாம், விலை ஏறும். தூதரகத்துக்கும் நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். பைத்தியம் பிடிக்கிறதா?

இல்லை. ஷெல் அடிக்கு நடுவே உங்களைக் காப்பாற்றிய பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. பலருக்கு இது தானாகவே தணியும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகியும் விடவில்லை என்பதால், குறிப்பாகத் தூக்கம் கெட்டாலோ குடி கூடினாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்தச் செலவை ஏற்க வேண்டியது உங்கள் நிறுவனம், கூசாமல் கேளுங்கள். அடுத்த பயணத்துக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குண்டு துளைக்காத உடுப்பு சொந்தமாக வாங்கிப் போக வேண்டுமா?

வேண்டாம். அது தேவைப்படும் இடம் என்றால் நிறுவனம் தர வேண்டும், உங்கள் அளவில், போடப் பழக்கியும் தர வேண்டும். நீங்களே வாங்கிப் போனால் விமான நிலையத்தில் கேள்வி வரும். அந்தக் காசில் ரத்தக் கசிவை நிறுத்தும் இறுக்குப் பட்டை இரண்டு வாங்கி, ஒரு கையாலேயே கட்டப் பழகுங்கள். வண்டியில் ஏறியதும், பின் இருக்கையாக இருந்தாலும், சீட் பெல்ட் போடுங்கள். சாலை விபத்து இந்த வேலையில் அன்றாட ஆபத்து. ஓட்டுநர் வேகமாகப் போனால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.